2015 வெள்ளத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேரிடர் மேலாண்மைப் பாடத்தில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் ‘இயற்கைப் பேரிடர்’: நிலநடுக்கம், புயல், வெள்ளம், ஆழிப்பேரலை. வலப்பக்கம் ‘மனிதரால் நேரும் பேரிடர்’: விஷவாயுக் கசிவு, தீ விபத்து, எண்ணெய்க் கசிவு. 2015 சென்னை வெள்ளத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்பது உங்கள் குழப்பம். வீட்டில் மாமா, “செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் வந்தது” என்கிறார். அப்பா, “நூறு வருஷத்துக்கு ஒரு தடவை பெய்யும் மழை, யார் என்ன செய்ய முடியும்” என்கிறார். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு மனையும் பார்த்து வைத்திருக்கிறார். நூறு வருட மழை வந்துபோய்விட்டதால் இனி நம் காலத்தில் பயமில்லை என்பது அவர் கணக்கு.

அப்பாவின் கணக்கு தவறு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்; அதற்குள் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மாமா சொல்வது பாதி சரி. பாடநூல் அட்டவணை தேர்வுக்கு உதவும், நடந்ததைப் புரிந்துகொள்ள அது போதாது.

முதலில் இடர், பேரிடர் என்ற இரண்டு சொற்களைத் தனித்தனியே வைத்துக்கொள்வோம். ‘பேர்’ என்ற அடைமொழியைப் பார்த்து, சின்னது இடர், பெரியது பேரிடர் என்று நினைத்துவிடக் கூடாது. வங்கக்கடலில் உருவாகும் புயல் ஓர் இடர். ஆளில்லாத தீவின் மேல் அது எவ்வளவு வேகமாக அடித்தாலும் இடர்தான். அதன் வழியில் மனிதர்கள் இருந்து, அவர்களுடைய வீடும் தொழிலும் தாங்காமல் போய், கையில் இருப்பதை வைத்து அந்த ஊர் சமாளிக்க முடியாத நிலை வந்தால் அது பேரிடர். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வரையறையும் ஏறக்குறைய இதுதான். காரணம் இயற்கையாக இருக்கலாம், மனிதராக இருக்கலாம், விபத்தோ கவனக்குறைவோ ஆகலாம். பாதிக்கப்பட்ட பகுதி மக்களின் சமாளிக்கும் திறனை மிஞ்சிப் போகிறதா என்பதுதான் அங்கே அளவுகோல்.

இந்த வித்தியாசத்தை ஒடிசாவில் கண்கூடாகப் பார்க்கலாம். 1999 அக்டோபர் இறுதியில் அங்கே கரையைக் கடந்த பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. இறந்தவர்கள் 50க்கும் குறைவு. பைலின் 1999 புயலைவிடச் சற்று வலு குறைந்ததுதான், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 10,000க்கும் 50க்கும் உள்ள தூரத்தைக் காற்றின் வேகத்தால் விளக்க முடியாது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், ஊர்வாரியாகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். பைலின் வருவதற்குள் சுமார் 10 லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தார்கள். அதே கடல், அதே மாதம், இரண்டும் கடும்புயல்கள். உங்கள் அட்டவணையில் இரண்டுமே ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். 9,000க்கும் மேற்பட்ட உயிர்களின் வித்தியாசத்தை எழுத அதில் இடமே இல்லை.

சரி, சென்னைக்கு வருவோம்.

மழையில் தொடங்குகிறேன், ஏனென்றால் மழையைக் குறைத்துப் பேசுவதும் நியாயமில்லை. அது எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலை, வலுவாக இருந்த ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகப் பெய்யும். 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஓர் ஆண்டு முழுவதும் சேர்த்தே நமக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவில்தான் மழை. ஆக, டிசம்பர் பிறக்கும்போதே மண் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருந்தது. ஏரிகள் ததும்பிக்கொண்டிருந்தன. அதன் மேல் டிசம்பர் 1 காலையிலிருந்து 2ஆம் தேதி காலை 8.30 வரை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். 49 செ.மீ. என்றால் 49 கோடி லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியால் அளந்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40,000 லாரிக்கு மேல். இவ்வளவு தண்ணீர் ஒரே நாளில் இறங்கினால், எவ்வளவு ஒழுங்கான ஊரிலும் தெருவில் தண்ணீர் நிற்கும். எல்லா ஏரியும் பழையபடி இருந்திருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

அடுத்தது நிலம். சென்னையைச் சுற்றியுள்ள பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே பெயர் வாங்கியது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, கிட்டத்தட்டத் தட்டையான இந்த நிலத்தில், பெய்யும் மழையைப் படிப்படியாகப் பிடித்துவைக்க நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் கோத்தார்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்தது. அப்படியே போய்க் கடைசியில் ஆறு, கடல். பாசனத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பெருமழைக் காலத்தில் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும் வேலையையும் அதே சங்கிலி செய்தது. பத்து மணி நேரத்தில் பாய்ந்து வரவேண்டிய தண்ணீரை அது பல நாள்களாக நீட்டி அனுப்பியது.

இந்தச் சங்கிலி அறுந்த கதை 2015க்கு மிகவும் முன்பே தொடங்குகிறது. தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவாக்கிய நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அங்கே நின்று எந்த ஏரியையும் பார்க்க முடியாது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ இருக்கிறது, வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரியின் இடத்தில்தான். ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்கிறோம். தாங்கல் என்றால் சிறிய ஏரி என்று எத்தனை பேருக்கு இன்று தெரியும்? தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். சுற்றுப்புறத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே வந்து பரவி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக மெதுவாகக் கடலுக்குப் போகும். ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த அந்த நிலத்தில் குப்பைக் கிடங்கும் சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்புகளும் வந்து, மிஞ்சியது சிறு பங்குதான். மிஞ்சியதை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை யாரும் இரவோடு இரவாகத் திருடிய நிலங்கள் இல்லை. கையெழுத்து, முத்திரை, அனுமதி எண் எல்லாம் உள்ள கட்டடங்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீளுகிறது; அந்த டிசம்பரில் ஆறு ஏறி வந்து விமான நிலையமே பல நாள் மூடிக்கிடந்தது.

இப்போது மாமாவின் செம்பரம்பாக்கம். டிசம்பர் 1 அன்று திறப்பைப் படிப்படியாகக் கூட்டி, இரவில் வினாடிக்கு 29,000 கன அடிக்குக் கொண்டுபோனார்கள். அதாவது வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். இதைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரியில் இன்னும் கொஞ்சம் தேக்கிவைத்துத் திறப்பைக் குறைத்திருக்கலாம் என்பது அதன் வாதம். நேர்ந்த அழிவு மனிதரால் விளைந்த பேரிடர் என்றே அது எழுதியது. வரலாறு காணாத மழை, விதிப்படியே திறந்தோம் என்பது அரசுத் தரப்பு. கரை உடைந்தால் என்ன ஆகும் என்ற பயம் அந்த இரவில் மதகின் அருகே நின்ற பொறியாளருக்கு இருந்திருக்கும் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தை வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் அதற்கு மேற்புறம், ஆறு ஆதனூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் வழியில் இருப்பவை. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டுக்கூடத் திறக்காமல் இருந்திருந்தாலும் முடிச்சூர் மூழ்கியிருக்கும். நான் அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். இரவு பத்து மணிக்குத் தெருவில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர், விடிவதற்குள் கீழ்வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டது. கீழ்வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தோம். அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “இது நெல்லு வெளஞ்ச பள்ளம்பா, நான் கல்யாணமாகி வந்தப்ப இங்க நண்டு புடிப்பாங்க.” மேலேயிருந்து உடைத்துக்கொண்டும் வழிந்தும் வந்த ஏரித் தண்ணீர் தன் பழைய வழியில் வந்திருந்தது. திருநீர்மலைக்குக் கீழே உள்ள மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கதை வேறு. அங்கே மாமா சொல்வதற்கு வலு உண்டு. ஒரே வெள்ளம் என்று நாம் பேசுவதில் குறைந்தது இரண்டு வெள்ளங்கள் இருக்கின்றன.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் வேறொன்றில். அந்த இரவு ஆற்றங்கரையில் தூங்கியவர்களுக்கு என்ன தகவல் போனது? ‘உபரி நீர் திறக்கப்படுகிறது, தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.’ 29,000 கன அடி என்றால் என் வாசலில் எத்தனை அடி என்று சாதாரண மனிதர் எப்படிக் கணக்கிடுவார்? எந்தத் தெரு தாழ்வானது என்று யார் அவருக்குக் காட்டியிருந்தார்கள்? மழை அறிவிப்பிலும் இதே சிக்கல் உண்டு. வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் போனால் ‘அதி கனமழை’. அறிவிப்புகளில் வழக்கமாக வரும் உச்சச் சொல் அதுதான். 21 செ.மீ.க்கும் அதே சொல்தான், 49க்கும் அதே சொல்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அதற்கும் அதேதான். 21 செ.மீ.யைப் பார்த்துப் பழகியவர், ‘அதி கனமழை’ என்று கேட்டதும் முன்பு பார்த்த அதே மழையைத்தான் மனதில் நினைப்பார். அறிவிப்பு கொடுத்தோம் என்று அலுவலகம் சொல்வது பொய்யில்லை, எச்சரிக்கையே வரவில்லை என்று மக்கள் சொல்வதும் பொய்யில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்தவற்றையும் இதில் சேர்க்க வேண்டும். ‘மனிதரால் வந்தது, ஆக்கிரமிப்பால் வந்தது’ என்ற பேச்சு வலுத்ததும் முதலில் அகற்றப்பட்டது அடையாற்றங்கரைக் குடிசைகள். அந்தக் குடும்பங்களில் பலவற்றைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, வேலைக்கும் பள்ளிக்கும் தொலைவான இன்னொரு பள்ளத்தில் குடியமர்த்தினார்கள். ஆகவே ‘மனிதரால்’ என்று எழுதும்போது எந்த மனிதரால் என்று கேட்காமல் விட்டால் அந்தச் சொல்லும் ஏழையின் தலையில்தான் விழும்.

இன்னொன்றையும் பாருங்கள். செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. குடிநீருக்காக அது நிரம்பி இருக்க வேண்டும், வெள்ளத்தைத் தாங்க அதில் காலியிடம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஏரியிடம் எதிர்பார்க்கிறோம். சுற்றிலும் இருந்த சிறு ஏரிகள் சுருங்கிப்போனதால் முழுச் சுமையும் சில பெரிய ஏரிகளின் மேல் வந்துவிட்டது. 2015இல் மூழ்கிய அதே நகரம் 2019 ஜூனில் வறண்டது. குடிநீர் ஏரிகள் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பாடநூலில் வெள்ளம் ஒரு பாடம், வறட்சி வேறொரு பாடம். சென்னையில் இரண்டும் ஒரே பாடம்.

‘ஆழிப்பேரலையாவது முழுக்க இயற்கைதானே’ என்று நீங்கள் கேட்கலாம். அலையை யாரும் உண்டாக்கவில்லை, உண்மை. 2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கார் நிக்கோபாரில் இருந்த விமானப்படைத் தளம் அதற்குள் மூழ்கியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி நாகப்பட்டினம் மீனவர் காதுக்கோ வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற கூட்டத்தின் காதுக்கோ வரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

அதே காலையில் புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரம், காற்று நிலவரம் எல்லாம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லும் மையம் அது. அதே ஒலிபெருக்கியில் கூவி ஊரையே மேட்டுக்கு ஓடச் சொன்னார்கள். 3,600க்கு மேற்பட்டவர்கள் தப்பினார்கள். சுமத்ராவுக்கு மிக அருகில் உள்ள சிமலூ தீவில் தொலைபேசிகூடத் தேவைப்படவில்லை. 1907இல் வந்த பேரலையைப் பற்றி அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பெரிய நடுக்கம் வந்து, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதுதான் விஷயம். ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கத்திக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். 70,000 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். கடற்கோள் என்ற சொல்லை இலக்கியத்திலேயே வைத்திருக்கும் நமக்கு, கடல் உள்வாங்கினால் கிளிஞ்சல் பொறுக்கப் போகாதே என்ற ஒரு வரி கைவசம் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் இயங்குகிறது. ஆனால் மையத்திலிருந்து மணல்வரைக்கும் உள்ள கடைசி இரண்டு கிலோமீட்டரை ஒலிபெருக்கியும் மக்களின் பழக்கமும்தான் கடந்தாக வேண்டும்.

வலப்பக்கத்துக்கும் இது பொருந்தும். போபால், 1984 டிசம்பர் 2 இரவு. யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டி ஒன்றில் இருந்த சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருளுடன் தண்ணீர் கலந்து, கொதித்து வெளியேறியது. குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, வாயுவை எரித்துவிடும் கோபுரம் பழுதுபார்ப்பில் இருந்தது. உடனடி இறப்புகள் பற்றிய அரசின் முதற்கணக்கே 2,259. இது மனிதரால் நேர்ந்தது என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் யார் செத்தார்கள் என்பதைக் குளிர்ந்த இரவுக் காற்றும் சேர்ந்தே முடிவு செய்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு மேலே எழாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து, ஆலையை ஒட்டி நெருக்கமாக இருந்த குடிசைப்பகுதிகளுக்குள் போனது. ஊருக்கான அபாயச் சங்கைக் கொஞ்ச நேரம் ஒலிக்கவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஈரத்துணியால் முகத்தை மூடு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே போ என்ற இரண்டு வரி அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். முடிச்சூரில் பார்த்ததும் நாகையில் பார்த்ததும் இங்கேயும் இருக்கின்றன: எந்த இடத்தில் யார் குடியிருந்தார்கள், அவர்களுக்கு யார் என்ன சொன்னார்கள்.

2023 டிசம்பர் எண்ணூரை நீங்கள் எந்தப் பக்கம் எழுதுவீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் மழையில் மணலித் தொழிற்பகுதி மூழ்கியது. எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய், படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் கறுப்பாகப் படிந்தது. மழை இடப்பக்கம், எண்ணெய் வலப்பக்கம். வலையை இழந்த மீனவரோ நடுக்கோட்டில் நிற்கிறார்.

உங்கள் ஒப்படைப்புக்கு என் யோசனை: பக்கத்தைத் தேர்வு செய்யாமல் ஒரு சங்கிலி வரையுங்கள். மேலே ‘49 செ.மீ. மழை’ என்று எழுதுங்கள், கீழே ‘ஒருவர் இறந்தார்’ என்று எழுதுங்கள். இடையில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் நிரப்புங்கள். நிரம்பிய ஏரி, அடைபட்ட கால்வாய், பள்ளத்து மனைக்குக் கொடுத்த அனுமதி, எப்போது எவ்வளவு திறப்பது என்ற முடிவு, புரியாத அறிவிப்பு, தரைத்தளத்தில் வைத்த ஜெனரேட்டர், தனியாக இருந்த முதியவர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இதை மாற்றியிருக்க முடியுமா, மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று எழுதுங்கள். மழைக்கு நேராக யார் பெயரும் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் நேராக ஒரு பதவியோ துறையோ வந்து நிற்கும். தேர்வில் கட்டாயம் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும் என்றால், ‘இயற்கை இடர், மனிதரால் பெருகிய பேரிடர்’ என்று எழுதிவிட்டு வாருங்கள்.

இனி அப்பாவின் மனை. ‘நூறு வருட மழை’ என்பது துறைக்குள் பேசும் ஒரு சுருக்கப் பேச்சு, வெளியே வந்ததும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். நூறு சீட்டில் ஒன்றைச் சிவப்பாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கி எடுத்து, எடுத்த சீட்டைத் திரும்பப் பெட்டியிலேயே போடுவதுபோல. போன முறை சிவப்பு வந்தது என்பதற்காக அடுத்த முறை வராமல் இருக்காது. வீட்டுக்கடன் 20 வருடம் என்றால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது சிவப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 18. 30 வருடம் என்றால் நூற்றுக்கு 26. அதுவும் மழை பழைய மாதிரியே பெய்யும் என்று வைத்துக்கொண்டால். வங்கக்கடல் சூடேறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் பெட்டியில் சிவப்புச் சீட்டுகள் கூடத்தான் செய்யும்.

மனையின் புல எண்ணை (சர்வே நம்பர்) வாங்கி, கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது என்ன நிலமாக இருந்தது என்று பாருங்கள். ஏரிப் பாசன நஞ்சை என்று இருந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாய்ந்து வரும் மட்டத்தில் இருந்ததால்தான் அது நஞ்சை. ஏரிக்குக் கீழே இருக்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. மண் கொட்டி மூன்றடி உயர்த்திவிட்டோம் என்று விற்பவர் சொல்வார். உங்கள் மனை உயர்ந்தால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவரும் உயர்த்தினால் தெருவுக்கு வந்து, உங்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும். பக்கத்தில் தாங்கல், ஓடை, கால்வாய் என்று முடியும் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். கிராம வரைபடம் கிடைத்தால் கலங்கலிலிருந்து போகும் கால்வாய் எந்தப் புல எண் வழியாக ஓடுகிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

அப்புறம், இதையெல்லாம் ஏப்ரலில் செய்ய வேண்டாம். நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தரகர் இல்லாமல் போங்கள். அங்கே மாடு மேய்ப்பவரோ பழைய ஊர்ப் பகுதியின் டீக்கடைக்காரரோ கண்ணில் பட்டால், மனை நல்ல மனையா என்று கேட்காதீர்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று மட்டும் கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும் திசையைப் பார்த்துவிட்டு, பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.